ஃபோலின் குப்பி: இருப்பைச் சொல்லும், வரவு செலவைச் சொல்லாது

தாவரச் சாற்றில் மொத்த பீனாலிக் சேர்மங்களின் (பென்சீன் வளையத்தில் ஹைட்ராக்சில் தொகுதி கொண்டவை) அளவு பார்ப்பவர்கள் மேசையில் பெரும்பாலும் இந்த மஞ்சள் திரவம் இருக்கும். முழுப்பெயர் ஃபோலின்–சியோகால்ட்யூ ரீஏஜென்ட் (சோதனைக்கான வினைப்பொருள்). ஆய்வகத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, ‘ஃபோலின்’ என்றால் போதும். இலைகளில் பீனாலிக் சேர்மங்கள் எப்போது சேர்கின்றன, ஏன் சேர்கின்றன என்று பார்ப்பது என் வேலை. அந்த வேலையில் நான் மிக அதிகமாகச் சார்ந்திருப்பதும், மிக அதிகமாகக் கேள்வி கேட்பதும் இந்தக் குப்பியைத்தான். வாங்கலாமா என்றால், வாங்கலாம். அது தரும் எண் எதைப் பற்றியது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

முதலில் உள்ளே இருப்பது என்ன என்று பார்ப்போம். சோடியம் டங்ஸ்டேட், சோடியம் மாலிப்டேட் இரண்டையும் பாஸ்பாரிக் அமிலம், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு சேர்த்து 10 மணி நேரம் ஆவிமீட்டுக் கொதிக்கவைத்து, பிறகு லித்தியம் சல்பேட்டும் சில துளி புரோமினும் சேர்த்துத் தயாரிப்பது. ஓட்டோ ஃபோலினும் டெனிஸும் 1912-ல் வெளியிட்ட பழைய கலவையில் வெள்ளையாக உப்பு படிந்து தொல்லை கொடுத்தது. 1927-ல் ஃபோலினும் சியோகால்ட்யூவும் லித்தியம் சல்பேட்டைச் சேர்த்து அந்தப் படிவைக் குறைத்தார்கள். அவர்கள் தேடியது தாவர பீனாலையே அல்ல. புரதத்தில் உள்ள டைரோசின், டிரிப்டோபன் ஆகிய இரண்டு அமினோ அமிலங்களை அளக்கத்தான் அதைச் செய்தார்கள். 1951-ல் வந்த லோரி புரதச் சோதனையும் இதே திரவத்தை வைத்துத்தான் நடக்கிறது. 1965-ல் சிங்கிள்டனும் ரோசியும் காலிக் அமிலம் என்ற பீனாலிக் சேர்மத்தை அளவுகோலாக வைத்து ஒழுங்குபடுத்திய பிறகுதான் தாவரச் சாற்றுக்கு இது நிலைத்த முறையானது. இந்தப் பிறவிக் கதையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புரதம் அளக்கப் பிறந்த ஒன்று, புரதம் மிகுந்த சாற்றில் பீனாலை மட்டும் பொறுக்கி எடுக்கும் என்று எதிர்பார்ப்பதற்கு இடமில்லை.

வேலை செய்யும் விதம் எளிது. பீனாலின் ஹைட்ராக்சில் தொகுதி காரச் சூழலில் புரோட்டானை இழந்து பீனாலேட் ஆகிறது. சாதாரண பீனாலின் பிகேஏ (பாதி மூலக்கூறுகள் புரோட்டானை இழந்து நிற்கும் பிஎச்) 10-ஐ ஒட்டியிருப்பதால், சோடியம் கார்பனேட் சேர்த்துக் கரைசலின் பிஎச்சை 10-க்குப் பக்கத்தில் கொண்டுபோகிறோம். பீனாலேட் தாராளமாக எலக்ட்ரானைக் கொடுக்கும். மாலிப்டினம் அதை வாங்கி ஆறு என்ற நிலையிலிருந்து ஐந்துக்கு இறங்கும், மஞ்சள் நீலமாகும். அந்த நீலத்தை 765 நானோமீட்டரில் படிக்கிறோம்.

கூர்ந்து கவனித்தால் இங்கே எங்கும் ‘பீனால்’ என்ற அடையாளச் சோதனை கிடையாது. எலக்ட்ரான் கொடுக்கிற எதுவும் நீலம் தரும். அஸ்கார்பிக் அமிலம் (வைட்டமின் சி), ஒடுக்கும் சர்க்கரைகள், சல்பர் டைஆக்சைடு, டைரோசின் எல்லாம் கணக்கில் ஏறும். நான் ஒவ்வொரு புதுச் செடியிலும் செய்கிற ஒரு சின்னப் பரிசோதனை உண்டு. சாற்றோடு ஃபோலினைச் சேர்த்துவிட்டு, கார்பனேட் சேர்க்கும் முன்பே நிறத்தைப் பார்ப்பேன். அஸ்கார்பிக் அமிலம் அமிலச் சூழலிலேயே உடனே வினைபுரியும், பீனால் காரத்துக்காகக் காத்திருக்கும். கார்பனேட்டுக்கு முன்பே நீலம் தலைகாட்டினால் அந்தச் சாற்றின் எண்ணை அப்படியே எழுதமாட்டேன்.

நடைமுறையில் நான் கைக்கொள்ளும் அளவுகள்: 20 மைக்ரோலிட்டர் சாறு, 1.58 மில்லிலிட்டர் தண்ணீர், 100 மைக்ரோலிட்டர் ஃபோலின், கலக்கி எட்டு நிமிடத்துக்குள் 300 மைக்ரோலிட்டர் கார்பனேட் கரைசல். அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரம். வரிசையை மாற்றக்கூடாது. காரத்தில் இந்த ரீஏஜென்ட் வேகமாகச் சிதையும் என்பதால் பீனாலோடு அது முன்பே கலந்து நிற்க வேண்டும். கார்பனேட்டை முதலில் ஊற்றினால் பீனால் வருவதற்குள் ஃபோலினின் ஒரு பகுதி வீணாகிவிடும். காத்திருக்கும் நேரமும் எல்லாக் குழாய்க்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இதையெல்லாம் கடைப்பிடித்தால் இந்தத் திரவம் மிக ஒழுங்காக நடந்துகொள்ளும். ஒரே சாற்றை மூன்று குழாயில் வைத்தால் மூன்றும் நெருங்கி வரும். காலிக் அமிலக் கோடு நேராக வரும். விலையுயர்ந்த கருவி இல்லாத ஆய்வகமும் நம்பி வேலை தொடங்கலாம் என்பதற்காகவே இதற்கு என் முதல் பாராட்டு.

இனி, எதற்காக இதை வாங்குகிறோமோ அந்த விஷயம். செடியில் பீனால் சேர்வதை இது எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது?

செடிக்குள் பீனாலிக் சேர்மம் என்பது வங்கிக் கணக்கில் நிற்கும் இருப்பு மாதிரி. வரவு கூடினாலும் இருப்பு உயரும், செலவு நின்றாலும் உயரும். ஃபோலின் இருப்பை மட்டும் படிக்கிறது.

வரவுப் பக்கம் பசுங்கணிகத்தில் தொடங்குகிறது. சர்க்கரையை உடைக்கும் கிளைக்காலிசிஸிலிருந்து பாஸ்போஈனால்பைருவேட், பென்டோஸ் பாஸ்பேட் பாதையிலிருந்து எரித்ரோஸ்-4-பாஸ்பேட். இரண்டும் சேர்ந்து ஷிகிமேட் பாதையில் நுழைகின்றன. செடி ஒளிச்சேர்க்கையில் பிடிக்கும் கார்பனில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இந்தப் பாதை வழியாகப் போகிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. பாதையின் முடிவில் ஃபினைல்அலனின். அதிலிருந்து அம்மோனியாவைக் கழற்றி சின்னமிக் அமிலமாக்குவது ஃபினைல்அலனின் அம்மோனியா லையேஸ் என்ற நொதி. 1961-ல் கௌகோலும் கானும் விவரித்தது. அந்த இடத்தில்தான் செடி முடிவெடுக்கிறது: இந்த ஃபினைல்அலனின் புரதத்துக்குப் போகட்டுமா, பீனாலுக்குப் போகட்டுமா? இலையைக் காயப்படுத்தினால் சில மணி நேரத்தில் இந்த நொதியின் செயல்பாடு ஏறுகிறது. அடுத்து மூன்று மாலோனைல்-கோஏ மூலக்கூறுகளைச் சேர்த்து சால்கோன் சிந்தேஸ் என்ற நொதி ஃபிளேவனாய்டு என்ற பீனாலிக் குடும்பத்தின் கிளையைத் திறக்கிறது. மற்ற கிளை செல்சுவரை இறுக்கும் லிக்னினுக்குப் போகிறது.

நைட்ரஜன் குறைந்த மண்ணில் வளர்ந்த செடியில் ஃபோலின் எண் உயர்வதை நான் அடிக்கடி பார்க்கிறேன். இதற்கு 1983-ல் பிரையன்ட், சாப்பின், க்ளைன் மூவரும் முன்வைத்த கார்பன்–ஊட்டச்சத்து சமநிலைக் கருத்து ஒரு விளக்கம் தந்தது: நைட்ரஜன் இல்லாமல் வளர்ச்சி தடைப்படுகிறது, ஒளிச்சேர்க்கையோ தொடர்கிறது, மிஞ்சிய கார்பன் நைட்ரஜன் வேண்டாத சேர்மங்களில் வழிகிறது. 1999-ல் ஜோன்ஸும் ஹார்ட்லியும் அதை இன்னும் கூர்மையாக்கினார்கள். புரதமும் பீனாலும் ஒரே ஃபினைல்அலனினுக்குப் போட்டி போடுகின்றன என்றார்கள். இரண்டிலும் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று: ஃபினைல்அலனினிலிருந்து கழன்ற அம்மோனியா வீணாவதில்லை, செடி அதைத் திரும்பப் பிடித்து மறுபடி பயன்படுத்துகிறது. பீனால் சேர்ப்பதால் நைட்ரஜன் இழப்பு ஏற்படுவதில்லை. ஆனால் ‘மிச்சம் வழிகிறது’ என்பது மட்டுமே கதை என்று நான் நம்பவில்லை. நைட்ரஜன் பற்றாக்குறையில் ஃபிளேவனாய்டு மரபணுக்களைத் திறக்கும் மைப் வகைப் புரதங்கள் தாமாகவே முடுக்கப்படுகின்றன. வழிந்து ஓடுவதற்கு யாரும் மதகைத் திறக்க வேண்டியதில்லை, இங்கே செடியே திறக்கிறது.

ஒளி விஷயத்தில் ஃபோலின் நன்றாகவே உழைக்கிறது. வெயிலில் இருந்த இலை, நிழலில் இருந்த இலை இரண்டையும் பக்கத்துப் பக்கத்துக் குழாயில் வைத்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். 280 முதல் 315 நானோமீட்டர் வரையான புற ஊதா-பி கதிரை யுவிஆர்8 என்ற ஏற்பி உணர்ந்து, சால்கோன் சிந்தேஸ் மரபணுவைத் திறக்கச் சொல்கிறது. பிறக்கும் ஃபிளேவனாய்டுகள் மேல்தோல் செல்களில் தங்கி அதே கதிரை உறிஞ்சிக்கொள்கின்றன. சால்கோன் சிந்தேஸ் இல்லாத அரபிடாப்சிஸ் (ஆய்வகங்களில் வளர்க்கும் சிறு செடி) வகைகள் புற ஊதாவில் எளிதாகச் சேதமடைகின்றன. ‘ஏன் சேர்கிறது’ என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. குளிரில், பாஸ்பரஸ் பற்றாக்குறையில் இலை ஊதாவாகச் சிவப்பதும் இதே குடும்பத்து நிறமிகளால்தான்.

இனி செலவுப் பக்கம். ஃபோலினை மட்டும் வைத்திருப்பவர்களுக்கு ஆபத்து இங்கேதான். கரையும் பீனாலிலிருந்து ஒரு பெரும் பங்கு லிக்னினாகி செல்சுவரில் இறுகிப்போகிறது. ஆல்கஹால் சாற்றில் அது வராது, ஃபோலின் அதைப் பார்க்காது. லிக்னின் கிளையில் ஹெச்சிடி என்ற நொதியை அடக்கிய அரபிடாப்சிஸ் செடிகளில் பாதை திரும்பி ஃபிளேவனாய்டு ஏறியது. அத்தகைய செடியின் சாற்றை ஃபோலினில் போட்டால் ‘செடி அதிகமாக உற்பத்தி செய்கிறது’ என்று படிக்கத் தோன்றும். உண்மையில் ஒரு செலவு அடைபட்டிருக்கிறது. புல்வகைச் செடிகளில் ஃபெருலிக் அமிலம் செல்சுவரின் அராபினோசைலனோடு எஸ்டர் பிணைப்பில் கட்டுண்டு கிடக்கிறது. அதை சோடியம் ஹைட்ராக்சைடால் அறுத்து எடுத்த பிறகே எண்ணில் சேர்க்க முடியும். கட்டுண்ட பகுதியை அளக்காமல் ‘மொத்தம்’ என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை.

எதிர்ப்பக்கத்துக்கு கிளைஃபோசேட் நல்ல உதாரணம். இந்தக் களைக்கொல்லி ஷிகிமேட் பாதையின் நடுவில் ஒரு நொதியை அடைக்கிறது. கீழே ஃபினைல்அலனின் வழிப் பீனால்கள் வறள்கின்றன, மேலே ஷிகிமிக் அமிலம் தேங்குகிறது. ஷிகிமிக் அமிலத்தில் பென்சீன் வளையம் இல்லாததால் அந்தப் பெரிய தேக்கம் பீனாலாக எண்ணில் ஏறாது. இன்னொரு சிக்கலும் உண்டு. நாம் அளவுகோலாக வைத்திருக்கும் காலிக் அமிலம் அடைப்புக்கு மேலே உள்ள 3-டீஹைட்ரோஷிகிமேட்டிலிருந்து பிறக்கக்கூடியது. ஆக ஒரே செடியில் ஒரு வகை பீனால் இறங்கிக்கொண்டிருக்க, இன்னொரு வகை தொடர்ந்து உருவாகலாம். ஒற்றை எண் இரண்டையும் கூட்டிக் கொடுத்துவிடும்.

இதைவிட எளிய, ஆனால் அதிகம் கவனிக்கப்படாத பொறி ஒன்று இருக்கிறது. ஒரு கிராம் உலர் எடைக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதுகிறோம். ஒரு இலையின் உலர் எடை 1 கிராம், பீனால் 10 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். வளர்ச்சி குன்றிய இன்னொரு இலை 0.5 கிராம், பீனால் 8 மில்லிகிராம். செறிவில் பார்த்தால் 10-லிருந்து 16-க்கு ஏற்றம். இலை அளவில் பார்த்தால் பீனால் குறைந்திருக்கிறது. செடி புதிதாக எதையும் சேர்க்கவில்லை, வளரவில்லை அவ்வளவுதான். மாவுச்சத்து நிறைய தேங்கிய இலையில் இது தலைகீழாக நடக்கும்: பீனால் அப்படியே இருக்க, எடை கூடியதால் செறிவு இறங்கும். இதனால் ஒரு இலைக்கு எவ்வளவு, ஒரு கிராமுக்கு எவ்வளவு என்று இரண்டையும் நான் எழுதுகிறேன். இரண்டும் ஒரே திசையில் நகர்ந்தால்தான் ‘சேர்கிறது’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறேன்.

சாறு எடுக்கும் கட்டத்தில் ஏற்படும் இழப்பையும் சொல்லவேண்டும், ஏனென்றால் பழி குப்பியின் மேல் விழுகிறது. உயிருள்ள செல்லில் பீனால் பெரும்பாலும் சர்க்கரையோடு இணைந்து வாக்குவோல் என்ற செல் பைக்குள் பூட்டிக் கிடக்கிறது. பாலிபீனால் ஆக்ஸிடேஸ் என்ற நொதி கணிகத்தில் இருக்கிறது. இலையை நசுக்கியதும் இரண்டும் சந்திக்கின்றன, குயினோன் உருவாகிறது, சாறு பழுப்பாகிறது, குயினோன்கள் புரதத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. அந்தப் பீனால் அளவீட்டுக்கு முன்பே போய்விட்டது. இலையைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்துப் பொடித்து, நேராக 70 சதவீத அசிட்டோனிலோ 80 சதவீத மெத்தனாலிலோ போடுங்கள். பழுப்பைத் தடுக்க அஸ்கார்பிக் அமிலம் சேர்க்கும் வழக்கம் வேறு சோதனைகளுக்குச் சரி. ஃபோலினுக்கு அது முழு எண்ணையும் கெடுக்கும். புரதமும் சர்க்கரையும் எவ்வளவு பங்களிக்கின்றன என்று தெரிய, சாற்றின் ஒரு பகுதியைப் பாலிவினைல் பாலிபைரோலிடோன் பொடியோடு குலுக்கி, பீனாலை அதில் ஒட்டவைத்து வடிகட்டி, மிச்சத்தையும் ஃபோலினில் போடுவேன். மிச்சத்தின் நீலம் பெரும்பாலும் பீனால் அல்லாதவற்றுடையது. கழித்தால் வருவது நம்பத் தகுந்த எண். கூடுதலாக ஒரு பொடி வாங்கவேண்டும், அது மிகப் பயனுள்ள செலவு.

செடிக்கு வெளியே, வேதி அமைப்புகளில் பீனால் சேர்வதைப் பார்ப்பவர்களுக்கும் இருப்பு பற்றிய இதே எச்சரிக்கை பொருந்தும். பென்சீனை நேராக ஆக்ஸிஜனேற்றி பீனால் செய்வது கேட்க எளிது. ஆனால் உருவான பீனால் பென்சீனைவிட அதிகம் வினைபுரியும் தன்மை கொண்டது. அதுவே முதலில் மேலும் ஆக்ஸிஜனேற்றப்பட்டுக் கரைகிறது, தேங்குவதில்லை. குமீன் முறை இதைச் சுற்றிக்கொண்டு போகிறது. முதலில் குமீனைக் காற்றால் ஹைட்ரோபெராக்சைடாக்கி, பிறகு அமிலத்தில் பிளந்தால் பீனாலும் அசிட்டோனும் கிடைக்கின்றன. ஆக்ஸிஜனேற்றம் நடக்கும் இடத்தில் பீனாலே இல்லாமல் பார்த்துக்கொள்கிறார்கள். துளி பீனால் அங்கே கலந்தாலும் அது சங்கிலி வினையை அறுத்துவிடும் என்பதால், திரும்ப அனுப்பும் குமீனைக் காரத்தால் கழுவுகிறார்கள். மரக்கழிவை அமிலத்தில் சிதைத்த கரைசலிலும் வானிலின், சிரிஞ்சால்டிஹைடு போன்றவை தேங்கி ஈஸ்ட்டின் நொதித்தலைத் தடுக்கின்றன. லாக்கேஸ் நொதி அவற்றைப் பெரிய மூலக்கூறுகளாகக் கோத்துவிட்டால் தடை குறைகிறது. இந்தக் கரைசல்களில் சர்க்கரை மிக அதிகம், அங்கே ஃபோலினின் தனி எண்ணை நான் பயன்படுத்தமாட்டேன். எச்பிஎல்சி என்ற பிரித்தறியும் கருவியில் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பதே சரி.

குறை என்று நான் உண்மையில் வருந்துவது ‘காலிக் அமிலச் சமன்’ என்ற அலகைத்தான். கேட்டிகால் போல பக்கத்துப் பக்கத்து ஹைட்ராக்சில் உள்ள மூலக்கூறு தனி ஹைட்ராக்சில் உள்ள பீனாலைவிட அதிக நீலம் தரும். ஹைட்ராக்சிலைச் சர்க்கரை மூடியிருந்தால் குறையும். ஆக செடி தன் பீனாலைச் சர்க்கரையோடு இணைத்துப் பூட்டிவைத்தால் எண் இறங்கும், அளவு மாறாமலேயே. அளவுகோலிலும் ஒரு நுண்மை உண்டு: காலிக் அமிலம் நீரற்றதாகவும் ஒரு நீர் மூலக்கூறோடும் விற்கப்படுகிறது. மூலக்கூறு எடை முறையே 170.12, 188.13. நீருள்ளதை எடைபோட்டு நீரற்றது என்று கணக்கிட்டால் எல்லாச் சாறுகளின் எண்ணும் 10 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். லேபிளைப் படியுங்கள்.

ரீஏஜென்ட்டின் லேபிளையும் நிறத்தையும் பார்க்கவேண்டும். நல்ல ஃபோலின் தெளிந்த மஞ்சள். பச்சை கலந்திருந்தால் அது ஏற்கெனவே ஓரளவு ஒடுங்கிவிட்டது என்று பொருள், பிளாங்க் (சாறு சேர்க்காத குழாயின் அளவு) உயரும். ஒரு நிறுவனத்திடமிருந்து எனக்கு வந்த குப்பி திறக்கும்போதே பச்சையாக இருந்தது. திருப்பி அனுப்பினேன், மாற்றிக் கொடுத்தார்கள். புரோமின் துளி சேர்த்துக் கொதிக்கவைத்து மீட்கலாம் என்பது பழைய வழி. புரோமின் ஆவியோடு புகைக்கூண்டு இல்லாமல் அதைச் செய்யவே கூடாது, புதுக் குப்பியே மேல். பெரும்பாலும் 2 நார்மல் வலிமையில் வரும். வேறு வலிமையில் வந்தால் உங்கள் செய்முறையின் நீர்த்தலை மாற்றுங்கள். பழுப்புக் கண்ணாடிக் குப்பியா என்று பாருங்கள், தூசியும் கரிமத் துகளும் உள்ளே விழாமல் மூடுங்கள். பிப்பெட்டை நேராகக் குப்பிக்குள் விடாமல், வேண்டியதைத் தனிக் குழாயில் ஊற்றி எடுங்கள். முந்திய பிப்பெட்டின் சாறு துளி விழுந்தால் குப்பி முழுதும் பச்சையாகும்.

யாருக்கு இது வேண்டும்? ஒரே இனச் செடியை வெவ்வேறு ஒளியில், வெவ்வேறு ஊட்டத்தில் வளர்த்து, ஒரே சாறெடுப்பு முறையில் ஒப்பிடுகிறவருக்கு அவசியம் வேண்டும். அங்கே குறுக்கீடுகள் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால் வித்தியாசம் பேசும். இரண்டு வேறு இனங்களை ‘எதில் பீனால் அதிகம்’ என்று வரிசைப்படுத்த விரும்புகிறவருக்கு இது போதாது. ஃபாஸ்ட் புளூ பிபி என்ற சாயத்தை வைத்துச் செய்யும் சோதனையும் உண்டு. அது பீனால் வளையத்தோடு நேரடியாக இணைந்து 420 நானோமீட்டரில் நிறம் காட்டும், அஸ்கார்பிக் அமிலமும் சர்க்கரையும் தொல்லை தராது. சர்க்கரை மிகுந்த சாறு உங்களுடையது என்றால் அதைத் தொடங்குங்கள். செடி எந்தக் கிளையில் சேர்க்கிறது என்பதே கேள்வி என்றால் எச்பிஎல்சி-யோடு ஃபினைல்அலனின் அம்மோனியா லையேஸ் செயல்பாட்டையும் அளக்காமல் பதில் கிடைக்காது. என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. கழித்த ஒன்று குப்பியின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ‘மொத்த பீனால்’ என்ற சொல்லுக்காக.

அளவு விஷயத்தில் பெரிய குப்பி வேண்டாம், 100 மில்லிலிட்டர் வாங்குங்கள். மேலே சொன்ன அளவில் ஒரு குழாய்க்கு 0.1 மில்லிலிட்டர்தான் செலவாகும், அதிலேயே 1000 குழாய் வரும். திறந்த தேதியைக் குப்பியில் எழுதி ஒட்டுங்கள். நீலமான கழிவில் டங்ஸ்டனும் மாலிப்டினமும் இருப்பதால் அதைத் தொட்டியில் ஊற்றாமல் கனஉலோகக் கழிவுக் கலனில் தனியே சேர்த்துக் கொடுங்கள். கார்பனேட் கலந்த கழிவில் அமிலத்தை ஊற்றினால் வாயு பொங்கும் என்பதால் அந்தக் கலனை அமிலக் கழிவோடு கலக்கவும் வேண்டாம், மூடியை இறுக்கவும் வேண்டாம்.